நூறு புள்ளி அகலத்தில் ஒரு ஷேர் ஆட்டோ

கடைக்காரர்கள் எங்களுக்கு இருபத்தொரு நாள் கொடுத்திருந்தார்கள். கடை என்றால் கதவும் கல்லாவும் உள்ள கடை இல்லை. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஒரு வெளிநாட்டுத் தளம். என் மகள் செய்த விளையாட்டு அங்கே விற்பனைக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதன் முகப்புப் படத்தைப் பார்த்து யாரும் உள்ளே வரவில்லை என்றும், இருபத்தொரு நாளுக்குள் வேறு படம் போட்டு, அதைப் பார்க்கிற நூறு பேரில் இரண்டு பேராவது திறந்து பார்க்கும்படி செய்யாவிட்டால் அலமாரியிலிருந்து எடுத்துவிடுவோம் என்றும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மொத்தம் ஒன்பது வரி. கடைசி வரியில் வாழ்த்து வேறு.

செங்கல்பட்டு வீட்டில், மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த ஒன்பது வரியையும் நான்கு முறை படித்தேன். படத்தை வரைந்தவன் நான்.

வேலையில் இருந்த முப்பத்துமூன்று வருடமும் நான் டிராஃப்ட்ஸ்மேன். கடற்கரையோரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். பம்பு, வால்வு, குழாய், அவற்றைத் தாங்கும் கால்கள், இவற்றைத்தான் வரைந்தேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. வரைபடம் முடிந்ததும் ஒரு பிரதி எடுத்து, சரிபார்ப்பவர் மஞ்சள் பென்சிலோடு உட்காருவார். சரியாக இருக்கும் ஒவ்வொரு அளவின் மேலும் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். மஞ்சள் படாத எண் ஒன்று இருந்தாலும் படம் வெளியே போகாது. தொண்ணூறுகளின் நடுவில் கணினிகள் வந்தபோது எங்கள் ஹாலில் இருந்த பதினெட்டு வரைபலகைகளும் ஒவ்வொன்றாக வெளியே போயின. மஞ்சள் பென்சில் மட்டும் போகவில்லை. ஏதாவது விட்டுப்போயிருக்கிறது என்று படங்கள் எங்களிடம் திரும்பி வந்ததுண்டு. இவ்வளவு ஏன் வரைந்தாய் என்று கேட்டு ஒரு படம்கூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் விடுபடுவது ஒன்றுதான் பிழை என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது.

மகள் சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருந்தாள். ஆறு வருடம் கம்பெனி வண்டியில் போய் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டே, வேலையை விட்டுவிட்டேன், சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யப்போகிறேன் என்றாள். நான் பதினொரு கேள்வி கேட்டேன். ஏழுக்குப் பதில் சொன்னாள். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், இனிமேல் மத்தியானம் வீட்டில் சாப்பிடுவாயா என்று.

விளையாட்டு இதுதான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் ஒரு ஷேர் ஆட்டோ. திரையில் அதன் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நிற்பார்கள். மீன் கூடைக்காரம்மா, பிரிந்து உட்கார மறுக்கும் புதுமணத் தம்பதி, மொட்டையடித்துக்கொண்டு தேங்காய்ப் பையோடு மலைக்கோயிலுக்குப் போகிறவர், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்க வேண்டியிருப்பதால் ஓரத்தில்தான் உட்காருவேன் என்கிற மாணவி. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிப்பதற்குள் எல்லாரையும் ஏற்றி உட்கார வைக்க வேண்டும். அதிகபட்சம் பதினொரு பேர். யாரும் கீழே விழமாட்டார்கள். அதை அவள் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டாள். மொத்தம் முப்பத்திரண்டு கட்டங்கள். பதினான்கு மாதம் அதையே செய்துகொண்டிருந்தாள்.

ஆட்கள் எப்படி நெருக்கி உட்காருகிறார்கள் என்று பார்க்க அவள் அந்த வழியில் நாற்பது தடவை போய்வந்தாள். அதில் பதினேழு தடவை நானும் போனேன். பெரும்பாலும் ஒரே ஆட்டோதான் அமைந்தது. அதற்கு முன்பும் நான்கு வருடமாக நான் கோயிலுக்கும் பென்ஷன் வேலைக்கும் போய் வந்த ஆட்டோ அது. ஏறியதும் ஆட்களை எண்ணுவது என் வழக்கம். ஓட்டுநர் ஒருநாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், டிராபிக் போலீஸே இப்டி எண்றதில்ல. குந்து, போலாம்" என்றார்.

விளையாட்டு முடிந்ததும் கடை ஒரு முகப்புப் படம் கேட்டது. நூறு புள்ளி அகலம், எழுபத்தைந்து புள்ளி உயரம். திரையில் அது ஒரு தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு பக்கத்தில் இருபத்துநான்கு விளையாட்டுகள், இருபத்துநான்கு தபால்தலைகள். வாங்க வருகிறவர் அந்த வரிசைமேல் கண்ணை ஓட்டிக்கொண்டு போவார். எங்காவது கண் நின்றால் அதைத் திறப்பார். கடையில் அந்தப் படத்துக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

மகள் முதலில் ஆட்டோவின் முகத்தை மட்டும் வரைந்து வைத்திருந்தாள். மஞ்சள் முகம், நடுவில் ஒரு விளக்கு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோவில் ஆட்கள் இருக்கிறார்களா, எந்த ஊர், எங்கே போகிறது, ஒன்றுமே தெரியவில்லையே என்றேன். சின்னப் படம்தானே என்றாள். சின்னதாக இருந்தால் விஷயத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன். பதினான்கு மாதக் களைப்பில் இருந்தவள் வாதாடவில்லை. நீங்களே வரையுங்கள் என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு நாள் வரைந்தேன். பெரிய தாளில், முழு விவரத்தோடு. பதினொரு பயணிகள், ஒவ்வொருவர் மடியிலும் அவரவர் மூட்டை. கூடையில் மூன்று மீன் வால். பின்னால் மலை, மலைமேல் கோயில், ஏறும் படிகள். வலது ஓரத்தில் கலங்கரை விளக்கம். வழித்தடப் பலகை, நம்பர் பிளேட், ஓட்டுநரின் தோளில் துண்டு. மொத்தம் நாற்பத்தேழு விஷயங்கள். பிரதி எடுத்து, நாற்பத்தேழிலும் மஞ்சள் பென்சிலால் கோடு போட்டேன். மகள் அதை ஸ்கேன் செய்து, வண்ணம் கொடுத்து, நூறு புள்ளிக்குச் சுருக்கி அனுப்பினாள். கடையின் பக்கத்தில் வந்ததும் இரண்டு பேரும் பார்த்தோம். எங்களுக்கு எல்லாமே தெரிந்தது. கூடைக்காரம்மா, படிகள், கலங்கரை விளக்கம், எல்லாமே.

ஐந்து வாரத்தில் அந்தப் படம் மூவாயிரத்து நூற்று எண்பது பேரின் கண்ணில் பட்டது. திறந்தவர்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கில் இரண்டு பேர் நானும் என் மகளும்.

கடிதம் வந்த பிறகு அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டில் எப்போதும் போல எனக்கு முதலில் குழம்பு ஊற்றினாள். ஐந்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று ஒருநாள் தோன்றும். மலையை எடுத்துவிட்டால் போதும் என்று மறுநாள் தோன்றும். இரண்டையும் அவளிடம் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம ரெண்டு பேரும் பாத்துப் பிரயோஜனம் இல்லப்பா. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும். தெரியாதவங்க பாக்கணும்" என்றாள்.

தெரியாதவர்களைத் தேடிப் பொத்தேரிக்குப் போனோம். பெரிய கல்லூரி இருக்கிற இடம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கலர் பிரிண்ட் கடை, அதற்கு இரண்டு கடை தள்ளி மாணவர்கள் மாலையில் கூடும் ஒரு டிபன் கடை. இணையக் கடையின் விற்பனைப் பக்கத்தை இருபத்துநான்கு படங்களோடு அப்படியே அச்சடித்துக்கொண்டோம். அதேபோல ஆறு தாள்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் விளையாட்டுக்கு வேறு வேறு முகப்புப் படம். மற்ற இருபத்துமூன்றும் மாறவில்லை. முதல் தாளில் என்னுடைய பழைய படம். தாளைக் காட்டி, மனதுக்குள் இரண்டு எண்ணி, கவிழ்த்துவிட்டு, எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்பது மகளின் ஏற்பாடு. ஒருவருக்கு ஒரு தாள்தான் காட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். ஆட்டோவை ஒருமுறை பார்த்தவன் அடுத்த தாளில் அதையே தேடுவான், கணக்கு கெட்டுவிடும். அது சரி என்று அவளும் ஒப்புக்கொண்டாள். தாளுக்குப் பன்னிரண்டு பேர். இரண்டு மாலையில் எழுபத்திரண்டு மாணவர்கள். டிபன் கடைக்காரர் நாங்கள் பஜ்ஜி வாங்கிக்கொண்டிருக்கும் வரை ஆட்சேபிக்கவில்லை. பத்தொன்பது பிளேட் வாங்கினோம்.

என் படம் இருந்த தாளைப் பன்னிரண்டு பேருக்குக் காட்டினோம். வாள் ஞாபகம் இருந்தது, வைரக்கல் ஞாபகம் இருந்தது, பச்சை டிராகன் ஞாபகம் இருந்தது. ஆட்டோவை ஒருவரும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது மாணவனிடம் மட்டும் மகள் தாளைத் திருப்பி, எங்கள் படத்தின்மேல் விரலை வைத்து, இது என்னவென்று கேட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். "பிரியாணியாக்கா?"

பக்கத்தில் இருந்தவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான். "பிரியாணி இல்ல மச்சான், ஊறுகாய். மேல எண்ணெய் நிக்குது பாரு."

"ஊறுகாய்ல எலும்பு இருக்குமாடா? அது எலும்பு."

அவன் எலும்பு என்று காட்டியது கலங்கரை விளக்கம். பிறகு என் பக்கம் திரும்பி, யார் வரைந்தது அங்கிள் என்று கேட்டான். தெரிஞ்சவர் ஒருத்தர் என்றேன்.

நான் நோட்டில் முதல் தாளுக்கு நேரே பூஜ்யம் எழுதினேன். எழுதும்போதுதான் உறைத்தது. நாற்பத்தேழு விஷயத்தையும் சரியாக வரைந்திருந்தேன். ஆனால் அதை என் மேஜை அளவில் சரிபார்த்தேனே தவிர, பார்க்கப்போகிறவரின் அளவில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் அதற்கு அவசியமே இருந்ததில்லை. அங்கே படத்தை வாங்குகிறவன் அதை மேஜையில் விரித்துப்போட்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்காருவான். இங்கே கண் போகிற போக்கில் போய்விடும். மகளிடம் சொன்னேன், தப்பு என்னுடையதுதான் என்று. அவள் பஜ்ஜியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த தாளை எடுத்தாள்.

பெரிய எழுத்துப் போட்ட தாளுக்கு ஒருவர். கூடைக்காரம்மாவின் முகம் மட்டும் இருந்ததற்கு மூன்று பேர். காலி ஆட்டோவுக்கு இரண்டு. மகள் முதலில் வரைந்த ஆட்டோ முகத்துக்கு நான்கு. ஆறாவது தாளை இரண்டாம் நாள்தான் வெளியே எடுத்தாள். அதை நான் அதற்குமுன் பார்த்திருக்கவில்லை. அன்று காலை பத்து நிமிடத்தில் போட்டதாம்.

அதில் மூன்றே விஷயம்தான் இருந்தது. படம் முழுக்க மஞ்சள். நடுவே ஏறும் வழி, கறுப்பாக. அந்தக் கறுப்பிலிருந்து ஓர் ஆளின் பின்பாதி மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சாம்பல் பேண்ட். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். சட்டைக் காலரில் பின்பக்கமாகத் தொங்கும் குடை. தலையும் கையும் ஆட்டோவுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தன.

முதல் மாணவி தாளைக் கவிழ்க்கும் முன்பே சிரித்துவிட்டாள். பன்னிரண்டு பேரில் பத்து பேர் அதைச் சொன்னார்கள். மிச்சம் இரண்டில் ஒருவன் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். எடுக்கக்கூடாது என்றாள் மகள்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு போகிறவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். "இது யாரு?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றாள்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போக எங்கள் பழைய ஆட்டோவே கிடைத்தது. மகள் ஆறாவது தாளை ஓட்டுநரிடம் நீட்டினாள். அவர் வண்டியைக் கிளப்பாமல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்துநான்கு படத்தில் எது எங்களுடையது என்று அவரிடம் சொல்லவே இல்லை.

"சார், இது நீதான" என்றார்.

முகமே இல்லையே, எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

"அஞ்சு வருசமா பின்னாலேந்து உன்ன உள்ள தள்ளி வுட்டுகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

ஆட்டோவில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் தாளை வாங்கிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, இந்தப் படம் வேண்டாம் என்றேன். விளையாட்டில் இப்படி ஓர் ஆளே கிடையாது, இயந்திரத்தில் இல்லாததைப் படத்தில் காட்டினால் அது பொய்ப் படம் என்றேன். அது உண்மையான காரணம்தான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றை ஒளித்துவைத்திருந்தேன். முப்பத்துமூன்று வருடம் கௌரவமாக உத்தியோகம் பார்த்தவனின் பின்பக்கம் ஊர் உலகத்துக்கெல்லாம் கடையில் தொங்குவதா? மகளுக்கு இரண்டும் புரிந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம், நான்கு பேர் சொன்ன ஆட்டோ முகத்தையே போட்டுவிடுகிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்று ஏழாம் நாள். பதினான்கு நாள் மிச்சம்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "உங்க முதுகுதானே. அத வெச்சு அமெரிக்காவுல யாரு உங்கள அடையாளம் கண்டுபிடிக்கப் போறா?" என்றாள்.

பத்தில் நான்கு போனால் ஆறு. பன்னிரண்டு பேரில் ஆறு பேரை என் கௌரவத்துக்காக விட்டுவிடச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவளுடைய பதினான்கு மாதத்தை ஏற்கெனவே ஒருமுறை ஊறுகாய் ஆக்கியவன் நான்.

சரி, போடு, ஆனால் அந்த ஆள் விளையாட்டிலும் இருக்க வேண்டும் என்றேன். அது நியாயம்தான், அவரைப் பார்த்துச் சிரித்துத் திறக்கிறவர்கள் உள்ளே அவரைக் காணோமென்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள். ஆனால் ஓர் ஆளைப் புதிதாகச் சேர்ப்பது படம் போடுவது மாதிரி பத்து நிமிட வேலை இல்லை. ஐந்து நாள் ஆகும் என்றாள். அந்த ஐந்து நாளும் கெடுவிலிருந்து போகும். எனக்கு உடனே பயம் வந்தது. வேண்டாம், இல்லாமலே போட்டுவிடு என்று நானே சொன்னேன். இப்போது அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது கட்டத்தில் அந்த ஆளை ஏற்றினாள். குடைக்கும் சேர்த்து ஒன்றரை இடம் அடைப்பார். உள்ளே இருப்பவர்களை எண்ணி முடிக்காமல் உட்காரமாட்டார். அதற்குள் பின்னால் பஸ் வந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்து, தப்புகளைக் குறித்துக்கொடுத்தேன். நான்காம் நாள் ஒரு விசித்திரம். அவர் ஏறினால் ஆட்டோவின் முன்சக்கரம் காணாமல் போயிற்று. அவர் இறங்கினால் சக்கரம் திரும்ப வந்தது. அதைச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்கப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் காலையில் புது விளையாட்டும் புதுப் படமும் கடைக்குப் போயின. எட்டு நாள் மிச்சம்.

கடை தினமும் காலையில் ஒருமுறை எண்ணிக்கையைக் காட்டும். முதல் நாள் எண்பத்தெட்டுப் பேர் பார்த்து ஒருவர் திறந்திருந்தார். மாணவர்கள் பத்து பேர் சொன்னார்களே என்று பதறினேன். மாணவர்களை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னோம், இவர்களை யாரும் பார்க்கச் சொல்லவில்லை என்றாள் மகள். இரண்டாம் நாள் மொத்தம் நூற்றுத் தொண்ணூறுக்கு மூன்று. கைகள் துறுதுறுத்தன. பக்கத்துத் தெரு இணைய மையத்தில் போய் நான்கு முறை திறந்துவிட்டு வந்தால் என்ன என்று நினைத்தேன். வாசல் வரை போனேன். அப்படிக் கூட்டின எண்ணை நானே நம்பமாட்டேன் என்று திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள் முந்நூற்று எழுபத்தொன்றுக்கு ஏழு. எட்டு வேண்டும். ஒன்று குறைவு. அன்று மகள் சாப்பிடவில்லை. பழைய கம்பெனியில் இடம் இருக்கிறதா என்று சிநேகிதியிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அவள் குரலைத் தணித்துப் பேசியதால்தான் நன்றாகக் கேட்டது.

ஐந்தாம் நாள் நானூற்று அறுபத்தொன்பதுக்குப் பதினொன்று. நான் தாளில் வகுத்துப் பார்த்தேன். இரண்டைத் தாண்டியிருந்தது. தப்பாக வகுத்துவிட்டேனோ என்று மறுபடி வகுத்தேன். எட்டாம் நாள் எழுநூற்றுத் தொண்ணூறுக்கு இருபத்துநான்கு. நூற்றுக்கு மூன்று, அதற்கும் மேலே கொஞ்சம்.

இருபத்தொன்றாம் நாள் காலை மின்னஞ்சல் வந்தது. இந்தத் தடவை நான்கு வரி. விளையாட்டு அலமாரியிலேயே இருக்கும் என்று இரண்டாவது வரியில் இருந்தது. நம்முடைய விளையாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களா, பெயரைப் பார் என்றேன். பார்த்துச் சொன்னாள். எந்த அலமாரி என்றேன். அப்பா, இருக்கிறது ஒரே அலமாரிதான் என்றாள். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் சிரித்தாள். சிநேகிதிக்குப் போன் செய்து, இடம் பார்க்க வேண்டாம் என்றாள். பிறகு அங்கேயே, வெறும் தரையில், கையைத் தலைக்குக் கொடுத்துத் தூங்கிப்போனாள். மணி எட்டே கால்.

மின்விசிறியை மூன்றில் வைத்தேன். அதிகமோ என்று இரண்டுக்குக் குறைத்தேன். சமையலறையில் என் மனைவி தேங்காயைத் துருவி மிக்ஸியில் போட்டு மூடியும் போட்டுவிட்டாள். நான் போய்க் கையைக் காட்டினேன். அவள் எட்டிக் கூடத்தைப் பார்த்தாள். சுவிட்சைப் போடாமல் மிளகாய்ப் பொடி டப்பாவை எடுத்தாள். அன்று நாங்கள் இருவரும் சட்னி இல்லாமல், பொடியும் நல்லெண்ணெயும் தொட்டு, பேசாமல் இட்லி சாப்பிட்டோம். நான் ஆறு, அவள் நான்கு.